இசைப்பலகையின் மின்வாயில்

பல்லாண்டுகள் பயன்பட்ட மின் இசைப்பலகை ஒருநாள் திடீரென ஊமையாகிவிடுகின்றது. மின்வழங்கியின் செருகியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் ஒலிக்கின்றது. கையை விட்டால் அடங்கிவிடுகின்றது. கருவியின் ஆயுள் முடிந்ததென்று அதனைக் கழித்துவிடுவோர் பலர். ஆனால், நோய் பெரும்பாலும் கருவிக்கன்று, அதன் வாயிலுக்கே.

நோயை அறிதல் எளிது. மின்கலங்களை இட்டதும் கருவி பாடுமாயின் உள்ளுறுப்புகள் நலமாயுள்ளன. மின்வழங்கியும் பழுதற்றதெனப் பல்மானி காட்டுமாயின், எஞ்சுவது செருகியை ஏற்கும் குதையே. அது சுற்றுப்பலகையிலே பற்றாசினால் நிலைபெற்றுள்ளது. செருகி அடிக்கடி அசைவதால் பற்றாசிலே மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகின்றது. வெடிப்பு மட்டுமே உளதாயின், பழைய பற்றாசை அகற்றிப் புதிதாக வைத்தலே போதும்.

குதையே உடைந்திருப்பின் அதனை மாற்றுதல் வேண்டும். முதலில் மின்னிணைப்பையும் மின்கலங்களையும் அகற்றுக. பற்றாசு முற்றாக உருகுமுன் குதையை இழுத்தல் தகாது. இழுத்தால் பலகையின் செப்புத்தடம் உரிந்துவிடும். பல குதைகளுக்குக் கால்கள் மூன்று. அவற்றுள் ஒன்று, செருகி நுழைந்தவுடன் மின்கலங்களின் தொடர்பைத் துண்டிப்பது. அதனைத் தவறாக இணைத்தால் மின்வழங்கியின் மின்னோட்டம் மின்கலங்களுட் பாய்ந்து, அவை சூடேறிக் கசியக்கூடும். ஆகவே, கழற்றுமுன் கால்களின் அமைப்பை வரைந்துகொள்ளல் நன்று.

புதிய குதையின் அளவும் பொருந்த வேண்டும். செருகியின் வெளிவிட்டம் 5.5 மில்லிமீற்றராக ஒத்திருப்பினும், உள்விட்டம் 2.1 ஆகவோ 2.5 ஆகவோ இருத்தல் கூடும்.

அனைத்திலும் முக்கியமானது முனைகளின் ஒழுங்கு. காசியோவின் ஏடி-5 மின்வழங்கி 9 வோற்று உடையது. அதன் நடுமுனை எதிர். யமகாவின் பிஏ-3 மின்வழங்கி 12 வோற்று உடையது. அதன் நடுமுனை நேர். ஒன்றன் செருகி மற்றதன் குதையில் நுழைந்துவிட்டது என்பதனால் அது பொருந்தியதாகாது. முனை மாறினால் குதையோடு நில்லாது கருவியே கெடக்கூடும். குதையருகே பொறித்த குறியைப் பார்த்து, பல்மானியால் அளந்த பின்னரே மின்னிணைப்புக் கொடுத்தல் வேண்டும்.

வீட்டு மின்சாரமாகிய 230 வோற்று நேராக உட்புகும் கருவிகளைத் தேர்ந்த தொழிலாளரிடமே ஒப்படைத்தல் அறிவுடைமை. ஏனையவற்றுக்கோ சிறு குதையொன்றும், சிறிது பற்றாசும், பொறுமையும் போதும். கழிக்கப்படவிருந்த கருவியிலே ஒரு பிள்ளை மீண்டும் இசை பயிலலாம்.