பாதரட்சையின் பளபளப்பு

வீட்டு வாசலில் குழந்தை கழற்றி வைத்திருக்கும் புதுப் பாதரட்சையைச் சற்றே கையில் எடுத்துப் பாருங்கள். முகம் தெரியும்படி மின்னுகிறது. ஒரு சொட்டு நீரைத் தெளித்தால் முத்துப்போல் உருண்டு கீழே விழுகிறது. ஆட்டுத் தோலுக்கு இந்தப் பளபளப்புப் பிறவியிலேயே அமைந்ததா? இல்லை. அதன்மேல் மிகமிக மெல்லிய மேலாடை ஒன்று போர்த்தப்பட்டிருக்கிறது. பெட்ரோல் ஆலையிலே உபரியாகக் கிடைக்கும் ஒரு வாயுவே அந்த ஆடைக்கு மூலம் என்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள் அல்லவா?

வேலூர் ஜில்லாவில், ஆந்திர எல்லையை ஒட்டி, மலைகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது பேரணாம்பட்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் போலவே இவ்வூரும் தோலை நம்பி வாழ்வது. முற்காலத்தில் இந்தப் பிரதேசத்தின் தோல் ஷாப்புகளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். மெருகு ஏறாத அந்தத் தோல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குக் கப்பல் ஏறிற்று. அங்கே அதற்கு மெருகிட்டு, விலையைப் பெருக்கிக்கொண்டவர்கள் அந்நியர்கள். பாடு நம்முடையது, லாபம் அவர்களுடையது. 1973 முதல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதியை நமது சர்க்கார் கட்டுப்படுத்தத் தொடங்கிய பிறகே, மெருகிடும் வேலையும் நம் ஊர்களில் பெருகலாயிற்று.

மெருகுக்கு எதைப் பூசுவது? பாலிலிருந்து எடுக்கும் கேசின், அரக்கு, முட்டை வெண்கரு ஆகியவை பழைய காலத்துச் சரக்குகள். கேசின் அழகாக மினுங்கும்; ஆனால் காய்ந்தால் விறைத்துவிடும், நனைந்தால் இளகிவிடும். நடக்கும்போது பாதரட்சையோ ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை மடிகிறது. அந்த மடிப்பில் கேசின் வெடித்துப்போகும். வேறு சில மெருகெண்ணெய்களை ஆவியாகும் திராவகங்களில் கரைத்துத் தெளித்தார்கள். அந்த ஆவி தொழிலாளியின் மார்பில் புகுந்தது. தீப்பற்றும் அபாயமும் இருந்தது.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக வந்ததுதான் அக்ரிலிக் பால். பார்வைக்குப் பசும்பால் போலவே இருக்கும். உண்மையில் அது நீரில் மிதக்கும் கோடானுகோடி பாலிமர் துகள்களின் கூட்டம். ஒரு துகளின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் அகலத்தில் இத்தகைய துகள்களை நூற்றுக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம்.

இது உண்டாகும் விதம் சுவையானது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் கனத்த எண்ணெயை, கிரியா ஊக்கியின் துணையோடு சுமார் 500 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் உடைத்துப் பெட்ரோல் எடுக்கிறார்கள். அப்போது புரொப்பிலீன் என்ற வாயு உபரியாகக் கிடைக்கிறது. தனியே பிரித்தெடுக்கும் வசதி இல்லாத ஆலைகளில் இது சமையல் வாயுவோடு கலந்து அடுப்பிலே எரிந்துபோகும். பிரித்தெடுத்துக் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்த்தாலோ அக்ரிலிக் அமிலமாகிறது. அமிலத்தைப் பியூட்டைல் ஆல்கஹாலோடு கூட்டினால் பியூட்டைல் அக்ரிலேட் என்ற திரவம் கிடைக்கிறது. இதை நீரும் சோப்பும் கலந்து கடைந்து, வினையைத் துவக்கிவைக்கும் உப்பையும் இட்டால், அணுக்கூட்டங்கள் சங்கிலிபோல் கைகோத்து, சுருண்டு, துகள்களாகின்றன. சோப்பு ஒவ்வொன்றையும் சூழ்ந்து நிற்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை.

தோலின்மேல் தெளித்தபின் நடப்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் எளிதில் ஊகித்துக்கொள்வார்கள். ஜவ்வரிசி வடாம் இட்டிருக்கிறார்கள் அல்லவா? வெந்து குழைந்த மணிகள், நீர் வற்ற வற்ற ஒன்றையொன்று நெருங்கி ஒரே தகடாகின்றன. அவ்வாறே பாலிமர் துகள்களும் நீர் வற்றியதும் நெருங்கி, நசுங்கி, ஒன்றாகி, ரப்பர் போன்ற மெல்லிய ஏடாகின்றன. வடாம் மொறமொறக்கும், இந்த ஏடோ மடித்தாலும் வெடிக்காது. நீரே இதைச் சுமந்து வருவதால் தொழிலாளி சுவாசிக்கும் நச்சாவியும் வெகுவாகக் குறைகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. முட்புதர்களில் மேய்ந்த ஆட்டின் தோலில் கீறல்களும் தழும்புகளும் இருக்கும். மிக நுண்ணிய துகள்கள் தோலுக்குள் புகுந்து தளர்ச்சியை இறுக்கிவிடும். பெரியவை மேலே தங்கித் தழும்பை மறைக்கும். மூன்றாந்தரம் என்று ஒதுக்கிய தோலும் இதனால் விலை பெறுகிறது.

அக்ரிலிக்குக்கும் தோலுக்கும் உள்ள உறவு பழையது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ரோம் என்பவர் 1901-இல் அக்ரிலிக் அமிலத்தைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு அவர் தொடங்கிய வியாபாரமோ தோல் பதனிடுவோருக்கான சரக்கு! தோலை மிருதுவாக்க நாயின் மலத்தை உபயோகித்துவந்த அருவருப்பான வழக்கத்துக்குப் பதிலாக, ஜீரண நொதிகளைக் கொண்ட பொருளொன்றை அவர் அளித்தார்.

நம் தேசம் அக்ரிலேட் திரவங்களைப் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வாங்கிவந்தது. கொச்சியிலுள்ள பாரத் பெட்ரோலியம் ஆலையில், புரொப்பிலீனிலிருந்து அக்ரிலிக் அமிலமும் அக்ரிலேட்டுகளும் செய்யும் பெரும் பிரிவு, சுமார் 6,000 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்து, 2021 பிப்ரவரி 14-இல் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அடுப்பில் எரியக்கூடிய வாயு இவ்வாறு தொழிலுக்கு மூலதனமாயிற்று. ஆயினும் நாம் முழுப் பெருமை கொள்வதற்கில்லை. கச்சா எண்ணெயில் பெரும்பகுதி இன்னும் கடல் கடந்தே வருகிறது. விலை கொடுத்து வாங்கியதில் ஒரு துளியும் வீணாகக் கூடாது என்பதே இங்கே நாம் கொள்ளவேண்டிய சுதேசி தர்மம்.

பாலாற்றின் கதையையும் மறப்பதற்கில்லை. தோல் கழிவினால் நிலத்தடி நீர் கெட்டு, கிணறுகள் பாழாகி, வேலூர்ப் பிரஜைகள் நீதி கேட்டுச் சென்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1996-இல் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அக்ரிலிக் துகளோ ஆவாரம் பட்டையைப் போல் மண்ணில் மக்குவதல்ல. தெளிகருவிகளையும் உருளைகளையும் கழுவிய வெண்ணீரை அப்படியே சாக்கடையில் விட்டால் பழைய பாவத்தோடு புதிய பாவமும் சேரும். படிகாரம் போன்றவற்றை இட்டுத் துகள்களைத் திரட்டி, வண்டலைப் பிரித்தபின்பே நீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பவேண்டும். இதற்குப் பெரிய வித்தை வேண்டாம், கண்டிப்பு வேண்டும்.

மூலத் திரவம் இப்போது பக்கத்து ராஜ்யத்திலேயே உற்பத்தியாகிறது. தோலின் குணங்களை ஆராய 1948-இல் தோன்றிய மத்திய ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. ரசாயனம் பயின்ற இளைஞர்களும் பாலாற்றங்கரையில் உண்டு. மெருகுப் பாலை இந்தப் பிரதேசத்திலேயே தயாரித்து, கழுநீரையும் ஒழுங்காகச் சுத்திகரிப்பார்களானால், தோலின் லாபமும் ஊரில் தங்கும், குடிநீரும் ஊருக்கு மிஞ்சும். அடுத்த முறை பாதரட்சை வாங்கும்போது அதை மடித்துப் பாருங்கள். மெருகு வெடிக்கவில்லையானால், அதைப் பூசிய கைகளையும் அந்தக் கைகளுக்கு நீர் வார்க்கும் ஆற்றையும் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்.