அன்று ஆட்டக்காரருக்குக் கடினம், இன்று ஆட்டமே கடினம்

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் மூன்று புள்ளிக் கோடு முதன்முதலாக வரையப்பட்டது 1979-80 பருவத்தில். அந்த ஆண்டு ஓர் அணி ஓர் ஆட்டத்தில் அந்தக் கோட்டுக்கு வெளியிலிருந்து சராசரியாக மூன்று முறைகூடப் பந்தை எறியவில்லை. 2023-24இல் அதே கோட்டுக்கு வெளியிலிருந்து ஓர் அணி சராசரியாக 35 முறை எறிந்தது. ஆடுகளத்தின் நீளம் அன்றும் 94 அடி, இன்றும் 94 அடி. வளையத்தின் உயரம் அன்றும் பத்தடி, இன்றும் பத்தடி. ஆனால் அந்த அளவுகளுக்குள் நடக்கும் ஆட்டம் வேறொன்றாகிவிட்டது.

இந்த மாற்றத்தைப் பற்றிக் கூடைப்பந்து ஆடும் ஊர்களிலெல்லாம் ஒரு வாதம் இருக்கிறது. ராஜபாளையம் பக்கமும் உண்டு. மூத்தவர்கள், அந்தக் காலத்து ஆட்டம்தான் ஆட்டம், இப்போது தொட்டாலே விசில் ஊதிவிடுகிறார்கள் என்பார்கள். அங்கே தேவதானம் என்ற ஊரில் விடியற்காலையில் கைபேசியில் அமெரிக்க ஆட்டம் பார்க்கும் பையன்கள், அன்றைய ஆட்டக்காரர்களால் இன்றைய வேகத்துக்கு ஓட முடியுமா என்று கேட்பார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. ஆனால் இருவரும் பேசுவது ஒரே கடினத்தைப் பற்றி இல்லை.

அன்றைய கடினம் உடம்பில் விழுந்தது. 1984 இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில், கூடையை நோக்கித் தாவிய லேக்கர்ஸ் வீரர் கர்ட் ராம்பிஸைப் பாஸ்டனின் கெவின் மெக்ஹேல் கழுத்தோடு சேர்த்துக் கையால் தடுத்துத் தரையில் வீழ்த்தினார். நடுவர் அதற்குச் சாதாரண ஃபவுல் கொடுத்தார். மெக்ஹேல் தொடர்ந்து ஆடினார். இன்று அப்படிச் செய்தால் அந்த நிமிடமே வெளியே போக வேண்டும். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 1989, 1990 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்றது இந்த மாதிரி முரட்டுத் தடுப்பாட்டத்தின் பலத்தில்தான். மைக்கேல் ஜோர்டனின் சிகாகோ அணி 1988, 1989, 1990 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அவர்களிடம் தோற்று, 1991இல்தான் அவர்களைத் தாண்டியது.

அதே பிஸ்டன்ஸின் ஐசயா தாமஸ் 1988 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகியும் சிறிது நேரத்திலேயே களத்துக்குத் திரும்பினார். நொண்டிக்கொண்டே ஆடி, காயம்பட்ட அந்தக் கால்பகுதியில் மட்டும் மொத்தம் 25 புள்ளிகள் எடுத்தார். அணி ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. இன்றைய மருத்துவக் குழு அவரைத் திரும்பக் களத்துக்குள் அனுப்பியிருக்குமா என்பது சந்தேகம்தான். அனுப்பாமல் இருப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அன்று அவர் ஆடியதில் ஒரு மகத்துவமும் இருக்கிறது.

விதிகளும் அன்றைய முரட்டுத்தனத்துக்கு இடம் கொடுத்தன. பந்தைத் தட்டிக்கொண்டு வருபவரின் இடுப்பில் கைவைத்து அவர் போகும் திசையைத் தடுப்பவரே தீர்மானிக்கலாம். 1990களில் இந்தப் பழக்கத்தைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தி, 2004-05 பருவத்தில் உறுதியாக நிறுத்தினார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அன்று தடுப்பவர்கள் ஆளுக்கு ஆள் ஒட்டி நிற்க வேண்டும். ஆளை விட்டு இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கு 2001 வரை என்.பி.ஏ.வில் அனுமதி இல்லை. அன்றைய வீரருக்குத் தன் எதிரே நின்றவரின் கைதான் பெரிய தடை. இன்றைய வீரரை யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை. ஆனால் அவர் எங்கே திரும்புவார் என்று ஐந்து பேர் சேர்ந்து கணக்குப் போட்டு நிற்கிறார்கள்.

புள்ளிக் கணக்கும் நம் நினைவை ஓரளவு திருத்துகிறது. முரட்டு ஆட்டம் என்று நாம் சொல்லும் 1980களின் நடுவில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாக 110 புள்ளிகள் எடுத்தது. 2023-24இல் அது 114. இரண்டுக்கும் அதிக தூரமில்லை. புள்ளி எடுப்பது உண்மையிலேயே அரிதாக இருந்தது 1990களின் கடைசியில்; 1998-99இல் சராசரி 92ஐக்கூடத் தொடவில்லை. ஆக, அன்று என்று ஒற்றைச் சொல்லில் சொல்லிவிடும் காலத்துக்குள்ளேயே இரண்டு மூன்று காலங்கள் இருக்கின்றன.

இன்றைய கடினம் காலிலும் மூச்சிலும் விழுகிறது. அன்று உயரமான ஆள் வளையத்துக்கு அடியில் நின்றால் போதும். அவரைக் காப்பவரும் அங்கேயே நிற்பார். இன்று ஏழடி ஆளும் 24 அடி தூரத்திலிருந்து எறிகிறார். அவரைக் காப்பவர் அதுவரை ஓடிவர வேண்டும், உடனே திரும்பி வளையத்துக்கு ஓட வேண்டும், நடுவில் ஆள் மாறினால் தன்னைவிட ஓரடி குட்டையான, இரு மடங்கு வேகமான ஒருவரைத் தனியே சமாளிக்க வேண்டும். நின்று ஆடுவதற்கென்று ஓர் இடம் களத்தில் இல்லாமல் போய்விட்டது. ஏ.சி.கிரீன் என்ற வீரர் 1986 முதல் 2001 வரை ஒரே ஓர் ஆட்டத்தைக்கூட விடாமல் 1,192 ஆட்டங்கள் தொடர்ந்து ஆடினார். இன்றோ முக்கிய விருதுகளுக்குத் தகுதி பெற 82 ஆட்டங்களில் 65இலாவது ஆடியிருக்க வேண்டும் என்று 2023-24இல் விதி போட வேண்டியதாயிற்று. இதைச் சோம்பல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என்றாலும், வெகு தூரத்திலிருந்து ஒரே ஒரு நாள் ஆட்டம் பார்க்க வந்த சிறுவனுக்குத் தன் நாயகன் ஓய்வில் இருப்பது இழப்புதான்.

நம் பக்கம் இந்தக் கதை வேறு விதமாக நடந்தது. ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்று போன ஆசிரியர்கள் வழியாகக் கூடைப்பந்து பள்ளிக்கூடங்களுக்குப் போனது. 1934இல் ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி டெல்லியில் நடந்தது. பிறகு பெரியகுளம், கரூர், கோவை என்று ஊருக்கு ஊர் அகில இந்தியப் போட்டிகள் வளர்ந்தன. அங்கே வந்து ஆடியவர்கள் ரயில்வே, வங்கி, காவல்துறை, ராணுவம் போன்றவற்றின் ஊழியர்கள். தொழில்முறை ஆட்டம் என்றால் நமக்கு அன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைதான். அமெரிக்க வீரர் ஒப்பந்தத்துக்காக ஆடினார். நம் வீரர் ஓய்வூதியம் உள்ள ஒரு வேலைக்காக ஆடினார். அந்த வேலைக்குப் போக அவர் விழுந்து எழுந்தது சிமெண்ட் தரையில்.

1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் பல நாடுகள் புறக்கணித்ததால் இந்திய ஆண்கள் அணிக்கு இடம் கிடைத்தது. ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று 12ஆம் இடத்தோடு திரும்பினார்கள். இந்தியா ஒலிம்பிக்கில் கூடைப்பந்து ஆடியது அந்த ஒரே முறைதான். அன்று சர்வதேச விதியில் மூன்று புள்ளிக் கோடே கிடையாது. 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். ஒரு முறை எறிய 30 விநாடி அவகாசம். 1984இல் 6.25 மீட்டரில் கோடு வந்தது. 2000இல் 30 விநாடி 24 ஆகக் குறைந்தது; இரண்டு பாதிகள் பத்து நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகளாயின. 2010இல் கோடு 6.75 மீட்டருக்குத் தள்ளிப்போனது. வளையத்துக்கு முன்னால் சரிவாக விரிந்திருந்த கட்டம் செவ்வகமானது. கோடு மாறிய ஒவ்வொரு முறையும் ஊர்க் களங்களில் புதிதாகக் கோடு போட வேண்டியிருந்தது.

இந்த மாற்றங்களை ஒரே ஆளின் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் அனிதா பால்துரையைப் பார்க்கலாம். சென்னையைச் சேர்ந்தவர், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். 24 விநாடி விதி வந்த புதிதில், 2001இல் இந்திய அணிக்குள் வந்தார். கோடு தள்ளிப்போன பிறகும் ஆடினார். 2017 வரை ஒன்பது ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகள். இடையில் தாயாகி, திரும்பவும் களத்துக்கு வந்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். அன்றா இன்றா என்று கேட்டால், இரண்டையும் ஆடிப் பார்த்த அவரைப் போன்றவர்கள்தான் பதில் சொல்லத் தகுதி உள்ளவர்கள்.

பெற்றதைக் கணக்கிட்டால் நிறைய உண்டு. கழுத்தில் கைபோடுவது வீரம் என்று இன்று எண்ணப்படுவதில்லை. காயத்தை மறைத்து ஆட வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது. 2015இல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னாம் சிங்கை என்.பி.ஏ.வின் டல்லாஸ் அணி தேர்வு செய்யும் அளவுக்கு உலகம் விரிந்திருக்கிறது. இழந்ததும் உண்டு. வளையத்துக்கு முதுகு காட்டி நின்று, தோளால் இடம் பிடித்து, மெல்லத் திரும்பி எறியும் அந்தப் பொறுமையான கலை அருகிவிட்டது. நடுத்தூரத்திலிருந்து எறிவதைக் கணக்கு வீணென்று சொல்லிவிட்டது. அணிகள் ஒன்றைப்போல் ஒன்று ஆடுகின்றன.

அன்று ஆட்டம் ஆட்டக்காரரை அதிகம் வதைத்தது. இன்று ஆட்டம் அவரிடம் அதிகம் கேட்கிறது. அமெரிக்காவில் ஒரு கடினம் போய் இன்னொன்று வந்தது. நம் ஊர்களில் முதலாவது போகாமலேயே இரண்டாவதும் வந்துவிட்டது. தேவதானத்துப் பையன் இன்று 6.75 மீட்டரிலிருந்து எறியப் பழக வேண்டும், 24 விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும், களம் முழுக்க ஓட வேண்டும். அதையெல்லாம் அவன் பழகுவது, அவன் மாமாக்கள் முழங்கால் தேய்ந்த அதே கூரையில்லாத சிமெண்ட் தரையில்தான். எந்தக் காலம் கடினம் என்று வாதாடுகிற நாம், அவனுக்கு ஒரு நல்ல தரையும் கூரையும் கேட்டு வாதாடினால் அந்த வாதத்துக்கு ஒரு பயன் இருக்கும்.