படி தெரியாத விடியல்

சுபஹுத் தொழுகை முடிந்து கல்முனைக்குடிக் கடற்கரைக்கு வந்து நில்லுங்கள். கரைவலைத் தோணிகள் முதலில் வெறும் கறுப்பாக நிற்கும். பிறகு சாம்பல் நிறமாகும். பிறகு அவற்றின் நீலமும் சிவப்பும் தெரியத் தொடங்கும். எந்தக் கணத்தில் நிறம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. சூரியன் கடலுக்கு மேலே தலைகாட்டுவதற்கு முந்திய இருபது நிமிடங்களில் மட்டும் வெளிச்சம் ஏறத்தாழ நூறு மடங்கு கூடுகிறது. இதே விடியலைப் பாடசாலை மேடையில் ஒரு நாடகத்துக்காக எல்இடி விளக்கில் ஐந்து நிமிடத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தொடக்கத்தில் வெளிச்சம் நொண்டி நொண்டித்தான் ஏறும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. விளக்குகளை இயக்கும் கன்சோலும் விளக்கும் பேசிக்கொள்ளும் டிஎம்எக்ஸ் 512 என்ற மொழி 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. அதில் ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரை 256 நிலைகள்தான். ஐந்து நிமிடத்தை 255 படிகளுக்குப் பங்கிட்டால் ஒரு படிக்கு ஒரு செக்கனுக்கும் மேல் வரும். உச்சியில் 254இலிருந்து 255க்குப் போவதைக் கண் கவனிக்காது. ஆனால் 1இலிருந்து 2க்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பாகிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது ஒரு துள்ளல். உச்ச ஒளியில் 18 சதவீதம் வந்தவுடனேயே நம் கண் அதைப் பாதி வெளிச்சமாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஃபேட் எனப்படும் மெதுவான ஒளியேற்றம் வெல்வதும் தோற்பதும் அடிப்பகுதியில்தான்.

பழைய டங்ஸ்டன் குமிழில் இந்தக் குறை தெரிந்ததில்லை. சூடான இழை உடனே ஆறாது, உடனே சூடேறவும் செய்யாது. அந்தத் தாமதமே படிகளை மழுக்கிவிடும். எல்இடிக்கு அப்படியொரு நிதானம் கிடையாது. சொன்னதை அந்த நொடியிலேயே காட்டிவிடும்.

நிறத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. விடியலின் செம்மஞ்சளுக்குச் சிவப்பு 255, பச்சை 120, நீலம் 20 என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதத்தில் அது 13, 6, 1 ஆகும். 2 சதவீதத்தில் 5, 2, 0. நீலம் அணைந்தே போய்விட்டது. 1 சதவீதத்தில் 3, 1, 0. சிவப்பும் பச்சையும் இருந்த விகிதமும் குலைந்துவிட்டது. விடியல் இரத்தச் சிவப்பில் தொடங்கி, இடையிடையே நிறம் தாவித் தாவி மஞ்சளாகும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் காட்சி பொய்யென்று மனதில் பட்டுவிடும்.

இதற்கு முதல் மருந்து 16 பிட் முறை. ஒரே அளவுக்கு இரண்டு சேனல்கள். ஒன்று பெரிய படியைச் சொல்லும், மற்றது அந்தப் பெரிய படியை மீண்டும் 256ஆகப் பிரிக்கும். மொத்தம் 65,536 நிலைகள். 512 சேனலும் நிரம்பிய கேபிளில் கட்டளை செக்கனுக்கு 44 தடவை வரைதான் போகும் என்றாலும், ஐந்து நிமிடத்தில் அது 13,200 தடவை. கண்ணை ஏமாற்ற அது தாராளம். விளக்கின் மெனுவிலும் கன்சோலிலும் ஒரே முறையைத் தெரிவுசெய்ய மறக்காதீர்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் முகவரிகள் பிசகி, பக்கத்து விளக்கு பதில் சொல்லும். மெனுவில் டிம்மர் வளைவைத் தெரிவுசெய்யும் வசதி இருந்தால், அடியில் மெதுவாகவும் உச்சியில் வேகமாகவும் ஏறும் வளைவை எடுங்கள்.

8 பிட் விளக்கு மட்டுமே கையில் இருந்தாலும் வழியுண்டு. நான்கு விளக்குகள் இருந்தால், அவற்றை ஒன்றாக ஏற்றாமல் சிறிது இடைவெளிவிட்டு ஏற்றினால், அவற்றின் படிகள் ஒன்றோடொன்று கலந்து சிறுபடிகளாகும். விளக்கின் முன்னால் கனமான வடிகட்டித் தாளை ஒட்டினால் முதல் படியே மங்கலாக வரும். உச்ச வெளிச்சம் குறையும், ஆனால் விடியலுக்கு அது தேவையுமில்லை.

கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றக் காலத்துச் சோடனை விளக்குகளுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். அங்கே துள்ளல்தான் அழகு. நாடக மேடையில் மட்டும் ஒத்திகையை மண்டப விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, பார்வையாளர் இருக்கையில் இருந்தே பாருங்கள். மண்டபத்தில் ஒரு குமிழ் எரிந்தாலும் அந்த முதல் பத்துப் படிகளின் குறை கண்ணில் படாது.