மன்னரை வாட்டிய பவுத்திரம்

1686-ஆம் வருஷம், நவம்பர் 18-ந் தேதி. பிரான்சு தேசத்தின் வெர்சேல்ஸ் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னர் படுக்கையில் கிடத்தப்பட்டிருந்தார். ஐரோப்பாவையே நடுங்க வைத்த அந்த மன்னருக்கு வயது 48. மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் 160 வருஷங்கள் பாக்கி. பெலிக்ஸ் என்ற ரண வைத்தியர் கத்தியைக் கையில் எடுத்தார்.

மன்னருக்கு வந்திருந்த வியாதி பவுத்திரம். வருஷத் தொடக்கத்தில் ஆசனவாய் அருகே ஒரு கட்டியாகத் தலைகாட்டியது. பற்றும் களிம்பும் போட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பெலிக்ஸ் இந்த ஆபரேஷனைச் செய்து பழகியவர் அல்ல. ஆகவே மாதக் கணக்கில் ஏழை நோயாளிகளிடம் கைபழகிக்கொண்டார். அவர்கள் பெயரைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை! இதற்கென்றே வளைந்த கத்தி ஒன்றையும் செய்தார். ஆபரேஷன் பலித்தது, மன்னர் பிழைத்தார். பெலிக்ஸுக்குப் பொன்னும் நிலமும் கிடைத்தன. அதுவரை நாவிதர்களோடு சேர்த்து எண்ணப்பட்ட ரண வைத்தியர்களின் மதிப்பும் உயர்ந்தது.

மன்னர் குணமானதைக் கொண்டாட 1687 ஜனவரியில் நடந்த கச்சேரியில் இசை மேதை லுல்லி, தாளம் தட்டிய தடியால் தம் காலையே இடித்துக்கொண்டார். புண் அழுகி, மார்ச் மாதம் இறந்தார். மன்னரின் பவுத்திரம் வேறொருவர் உயிரைக் குடித்ததுதான் மிச்சம்.

இது மூலம் அல்ல

ஆசனவாயில் எது வந்தாலும் "மூலம்" என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். மூலம் என்பது உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் மெத்தைகள் வீங்கிப் பிதுங்குவது. பவுத்திரம் அதைவிட அபூர்வம், சங்கதியும் வேறு. ஆசனவாயின் உட்சுவரைச் சுற்றிச் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று அடைபட்டால் சீழ் பிடிக்கிறது. கட்டி பழுத்து வெளியே உடைகிறது. வலி தீர்ந்தது என்று நோயாளி நிம்மதியடைகிறார். ஆனால் உள்ளேயிருந்து வெளித்தோல் வரை எலி வளை போல ஒரு பாதை நிலைத்துவிடலாம். அதில் கசிவு நிற்பதில்லை. வாய் மூடினால் மறுபடி கட்டி. துணியில் கறை, நாற்றம், நாலு பேர் நடுவில் உட்காரக் கூச்சம். மனைவியிடம்கூடச் சொல்லாமல் வருஷக்கணக்கில் மறைப்பவர்கள் உண்டு.

காசநோய், குடற்புண் வியாதிகள் சிலவற்றாலும் பவுத்திரம் வரலாம். அபூர்வமாகப் புற்றுநோயும் ஒளிந்திருக்கும். எனவே எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவது டாக்டர்கள் வழக்கம்.

வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதும், கீரை, பழம் சாப்பிட்டு மலச்சிக்கலைத் தவிர்ப்பதும் வேதனையைக் குறைக்கும், பாதையை அடைக்காது. பாதை மேலோட்டமாக இருந்தால் கீறித் திறந்துவிடுகிறார்கள். மலத்தை அடக்கும் தசையில் பெரும்பகுதியை ஊடுருவிச் சென்றால் அப்படிக் கீறக் கூடாது. கீறினால் அடக்கும் சக்தியே போய்விடும். "ஒரே ஊசியில் குணம்" என்று பலகை மாட்டியவர்களிடம் போய் இந்தத் தசையைப் பறிகொடுத்தால், பிறகு எந்த நிபுணராலும் முழுசாகத் திருப்பித் தர முடியாது. சிக்கலான பாதைகளை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்து, நூல் கோத்து வைத்தோ வேறு முறையிலோ வைத்தியம் செய்கிறார்கள்.

நூல் வைத்தியம் நமக்குப் புதிதல்ல. சுச்ருதர் 'பகந்தரம்' என்று வர்ணித்த வியாதி இதுவே. இலைக்கள்ளிப் பால், நாயுருவிக் காரம், மஞ்சள்தூள் மூன்றும் பூசிய நூலைப் பாதையில் கோத்து, வாரம் ஒரு முறை மாற்றினால் அது மெல்ல அறுத்துக்கொண்டே புண்ணையும் ஆற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆபரேஷனோடு ஒப்பிட்டுப் பார்த்து 1991-இல் முடிவை வெளியிட்டது: நூல் முறையில் ஆற நாள் அதிகம், வியாதி திரும்புவது குறைவு.

ஆசனவாய் அருகே வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீரிழிவுக்காரர் ஒரு ராத்திரிகூடப் பொறுக்கக் கூடாது. கீறிய புண்ணைப் பெரும்பாலும் தைத்து மூடுவதில்லை. அடியிலிருந்து ஆறினால்தான் பாதை மறையும். வாரக்கணக்கில் கட்டுப் போடவேண்டியிருப்பதைப் பார்த்து, ஆபரேஷன் கெட்டுவிட்டதோ என்று வீட்டார் கலங்க வேண்டியதில்லை.