வித்தும் விசையும்

காவிரியும் கொள்ளிடமும் இரு கரங்களென அணைத்து நிற்கும் தீவு திருவரங்கம். அங்குள்ள பெருங்கோயிலின் தலமரம் புன்னை. புன்னை வித்தின் எண்ணெயையும் இலுப்பை எண்ணெயையும் நம் முன்னோர் விளக்கெரிக்கப் பயன்படுத்தினர். இருளை நீக்கிய அவ்வெண்ணெய்கள் எந்திரத்தையும் இயக்க வல்லன என்பது வியப்பன்றோ?

இவ்வியப்புப் புதியதன்று. 1900-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் டீசல் கண்ட எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயால் இயங்கிற்று. பின்னர் நிலத்தடி எண்ணெய் மலிவாகக் கிடைக்கவே, உலகம் தாவர எண்ணெயை மறந்தது.

வித்திலிருந்து பிழிந்த எண்ணெய் டீசலைவிட மிகவும் கெட்டியானது. எந்திரத்தின் நுண்துளைகளை அடைத்துக் கரி படியச் செய்யும். ஆதலின் அதனை மாற்றியமைத்தல் வேண்டும். 100 கிலோ எண்ணெயுடன் ஏறத்தாழ 11 கிலோ மெதனாலும் சிறிதளவு எரிசோடாவும் சேர்த்து, 60 பாகை செல்சியசு அளவில் சூடேற்றிக் கலக்குவர். எண்ணெய் பிரிந்து, கனமான கிளிசரின் அடியில் தங்கும். மேலே நிற்பதே உயிரி டீசல். புங்கம், இலுப்பை, புன்னை ஆகியவற்றின் எண்ணெயில் அமிலம் மிகுதி. அது எரிசோடாவுடன் கூடிச் சோப்பாகிவிடும். ஆகவே முதலில் அவ்வமிலத்தைக் குறைத்துக்கொள்வர்.

2002-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், தில்லிக்கும் அமிர்தசரசுக்கும் இடையே ஓடும் சதாப்தி விரைவு இரயில் 5 விழுக்காடு உயிரி டீசல் கலந்த எரிபொருளால் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலிருந்து இலால்குடி, திண்டுக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களுக்குச் சென்ற இரயில்களிலும் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த டீசல் பயன்பட்டது.

காட்டாமணக்கைக் கால்நடைகள் மேயா. வறண்ட நிலத்திலும் அது வளரும். எனவே தரிசு நிலமெல்லாம் பொன் விளையும் எனப் பலர் நம்பினர். 2009-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பை எட்டக் கருதியது. ஆனால் நீரும் உரமும் இன்றி அச்செடி உயிர் பிழைத்ததேயன்றி நிறையக் காய்க்கவில்லை. காய்களும் ஒருசேர முதிராமையால் பறிகூலி மிகுந்தது. நம்பி நட்ட உழவர் பலர் அதனைப் பிடுங்கி எறிந்தனர்.

உயிரி டீசலில் கந்தகம் இல்லை எனலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 20 விழுக்காடு கலந்த எரிபொருளால் புகைத்துகள் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்தது. நைட்ரஜன் ஆக்சைடோ 2 விழுக்காடு கூடிற்று. வித்து எரியும்போது வெளிவரும் கரியமில வாயு, செடி முன்னர்க் காற்றிலிருந்து பெற்றதே. எனினும் உரம் செய்யவும், நீர் இறைக்கவும், பண்டங்களை ஏற்றிச் செல்லவும் வேறு எரிபொருள் செலவாகிறது. எண்ணெய்ப் பனைக்காகத் தென்கிழக்காசியாவில் காடுகள் அழிக்கப்பட்டபொழுது, வந்த நன்மையினும் கேடே பெரிதாயிற்று.

விளைநிலம் வேண்டாத மூலப்பொருள் ஒன்றும் உண்டு. அதுவே சமைத்து எஞ்சிய எண்ணெய். மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குத் தீங்கு செய்யும். சாக்கடையில் கொட்டினால் நீர்நிலைகளைக் கெடுக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் இத்தகைய எண்ணெயைத் திரட்டி உயிரி டீசலாக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அவ்வாண்டு வந்த புதிய தேசியக் கொள்கை, 2030-க்குள் 5 விழுக்காடு கலப்பு என இலக்கைத் தாழ்த்திக்கொண்டது.

எரிபொருள் எழுப்பும் புகையை அளப்பது எளிது. அது கொண்ட நிலத்தையும், குடித்த நீரையும், உழவன் உழைப்பையும் அளப்பது அரிது. அரிய அவ்வளவையும் செய்து முடித்த பின்னரே, ஓர் எரிபொருளை நல்லது எனக் கூறுதல் தகும்.