மாட்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே வாசல்! புகையால் நின்ற கல் வீடு

வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்து ஒரு பக்கம் திரும்பினால் மாட்டுத் தொழுவம், மறுபக்கம் திரும்பினால் அடுப்பு, படுக்கை! பசுவும் வீட்டுக்காரரும் ஒரே வழியில் போய்வந்த இந்தக் கல் வீடு, ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவில் இருக்கிறது.

ஆர்னால் கிராமம், 42ஆம் எண் வீடு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது. 1966 வரை இதில் ஒரு விவசாயக் குடும்பம் குடித்தனம் நடத்தியது. இப்போது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். இந்த மாதிரி வீட்டுக்கு 'கறுப்பு வீடு' என்று பெயர். பின்னாளில் சாந்து பூசிய 'வெள்ளை வீடு'கள் வந்தபோது, பழசுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சுவருக்குள் மழைத்தண்ணீர்

அட்லாண்டிக் கடல் காற்று ஆளையே தள்ளும் ஊர். மரம் கிடையாது, கல்லுக்கு மட்டும் பஞ்சமில்லை. எனவே சுவரை இரட்டையாக எழுப்பி, நடுவே மண்ணைப் போட்டு நிரப்பினார்கள். சாந்து எதுவும் இல்லை. காற்று வழுக்கிக்கொண்டு போக, மூலைகளை வளைத்துக் கட்டினார்கள்.

கூரை சுவரின் உள்பக்க வரிசை மீதுதான் உட்கார்ந்திருக்கும். இறவாணம் வெளியே நீளாது. அப்படியென்றால் மழைத்தண்ணீர்? நேராக சுவருக்குள்ளேதான் இறங்கும்! கொத்தனார் யாராவது பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்த ஈர மண்தான் சந்துபொந்தை அடைத்து, குளிர்காற்று புகாமல் காத்தது.

கூரைக்குக் கடலில் கரை ஒதுங்கிய கட்டைகள். அதன்மேல் புல்லோடு வெட்டிய மண் பாளம், அப்புறம் வைக்கோல். பறக்காமலிருக்கக் கயிறு போட்டு, நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரக்கட்டை அவ்வளவு அருமை. வீடு மாறும்போது சுவரை விட்டுவிட்டுக் கட்டையைத் தூக்கிப் போனவர்களும் உண்டு.

தொழுவம் தாழ்வான பக்கம் இருக்கும். மாட்டின் சூடு வீட்டுக்கும் கிடைக்கும். குளிர்காலம் முழுக்கச் சேரும் சாணத்தை, வசந்தத்தில் சுவரின் ஒரு பகுதியைப் பிரித்தே வயலுக்கு அள்ளிய வீடுகள் உண்டு. பின்னால் ஒட்டினாற்போல் களஞ்சியம். தானியம் தூற்றக் காற்று வர அதில் ஒரு துவாரம்.

புகைபோக்கியே இல்லை

நடுத்தரையில் இரவு பகலாகக் கரிமண் கட்டி எரியும். புகை கூரை வழியாகத்தான் கசிந்து வெளியேற வேண்டும். அந்தப் புகை வைக்கோலைப் பூச்சி அரிக்காமல் காத்தது. புகைக்கரி ஏறிய பழைய வைக்கோல் வயலுக்கு உரம். கண்ணும் நெஞ்சும் பட்ட பாடு தனிக்கதை.

நல்ல வீடாகக் கட்டியிருக்கலாமே? நிலம் அவர்களுடையது அல்ல. நிலச்சுவான்தார் நினைத்தால் வெளியே போ என்பார். போட்ட காசு போச்சு! 1886இல் வந்த சட்டம்தான் குத்தகைதாரரை இஷ்டத்துக்கு வெளியேற்ற முடியாமல் செய்தது. வீட்டுக்குச் செய்த செலவுக்கு ஈடும் உண்டென்றது. அதற்குப் பிறகு, மாட்டையும் மனுஷரையும் பிரித்துச் சுவர் வையுங்கள் என்று சுகாதார அதிகாரிகளும் நெருக்கினார்கள். மெல்ல மெல்ல எல்லோரும் வெள்ளை வீட்டுக்குக் குடிபோனார்கள்.

42ஆம் எண் வீட்டில் குடும்பம் காலி செய்த பிறகும் அடுப்பை அணைய விடவில்லை. புகை நின்றால் கூரை மக்கிவிடும் என்பதால், பராமரிப்பவர்களே கரிமண் மூட்டி எரித்து வந்தார்கள்.