மை புகாத இடம்

தகரத் தகட்டில் ‘காவிரி’ என்று எழுதி எழுத்துகளை வெட்டி எடுத்தால் முதல் எழுத்திலேயே சிக்கல் வந்துவிடும். ககரத்தின் வயிறு தனித் துண்டாகக் கழன்று விழும். வகரத்தின் சுழிக்கும் அதே கதிதான். விழாமல் இருக்க வேண்டுமென்றால், சுழியின் உட்பகுதியை வெளித் தகட்டோடு பிணைக்கும் ஒரு மெல்லிய பட்டையை வெட்டாமல் விட வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து அரிசி ஆலைகளில் சாக்குகளின் மேல் ஆலையின் பெயரையும் கொள்முதல் ஆண்டையும் பதிக்கிறார்களே, அப்படிப்பட்ட தகடுகளில் இந்தப் பட்டைகளைப் பார்க்கலாம். சாக்கில் பதிந்த எழுத்தில் அவை சின்னச் சின்ன இடைவெளிகளாகத் தெரியும். ஸ்டென்சில் என்னும் தொழிலின் சூட்சுமம் முழுவதும் அந்த இடைவெளிகளில் இருக்கிறது. மை போகும் வழியைத் திறந்துவிடுவது சுலபம். மை போகக்கூடாத இடத்தை அசையாமல் நிறுத்தி வைப்பதுதான் கடினம்.

இதே சிக்கலுக்கு நம் வீட்டு வாசலில் வேறொரு தீர்வு உண்டு. திருவிழாக் கடைகளில் விற்கும் கோலத் தகடுகளில் கோடு எதுவும் வெட்டப்பட்டிருக்காது. வரிசையாகத் துளைகள் மட்டுமே இருக்கும். சிக்குக் கோலத்தின் இழை தன்னைத்தானே சுற்றி வந்து மூடிக்கொள்வது. அதைக் கோடாக வெட்டினால் தகடு துண்டு துண்டாகிவிடும். துளையிட்டால் துளைகளுக்கு நடுவில் இருக்கும் தகரமே எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானியர் வேறு வழியில் போனார்கள். சீமைப் பனிச்சை வகைக் காய்ச்சாறு ஏற்றிக் கெட்டியாக்கிய காகிதத்தில் நுணுக்கமாக வெட்டி, தனித்து நிற்கும் துண்டுகளை மெல்லிய பட்டு நூல்களால் தாங்கிப் பிடித்தார்கள். நூல்களுக்குப் பதிலாக முழு வலைத்துணியையே சட்டத்தில் இழுத்துக் கட்டிவிட்டால் எந்தத் துண்டும் எங்கே வேண்டுமானாலும் தனியாக நிற்கலாம். அதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907-இல் இதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அன்று பட்டுத்துணி, இன்று பாலியஸ்டர். மற்றபடி மரச்சட்டம், ரப்பர் பட்டை பதித்த ஸ்குவீஜி, மை என்று அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

காவிரி டெல்டாவில் இன்று ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் தாம்பூலப் பை, கல்யாணப் பத்திரிகை, கடைப் பை, கட்சித் துண்டு ஆகியவைதான் நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. துணிப்பையில் அச்சிடும் வேலைக்கு மறுபடியும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் இந்த வேலையை இன்னும் பெயரும் முகவரியும் பதிக்கும் வேலையாக மட்டுமே நாம் நினைக்கிறோம். கையால் செய்யும் ஸ்கிரீன், ஸ்டென்சில் அச்சு டெல்டாவுக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட கருவி அல்ல. மை புகாத இடத்தைக் கொண்டு உருவம் சமைக்கும் அறிவு இங்கே நெடுங்காலமாக இருந்திருக்கிறது. அந்த அறிவோடு ஸ்கிரீனைச் சேர்த்துச் சோதனை செய்தால் இந்த மண்ணுக்கே உரிய துணியும் தாளும் பிறக்கும் என்பதுதான் என் வாதம்.

இதற்கு வலுவான சான்று கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது. இன்று அரியலூர் மாவட்டத்தில் உள்ள கோடாலிக் கருப்பூரில், தஞ்சையை 1855 வரை ஆண்ட மராட்டிய அரச குடும்பத்துக்காக ஒருவகைப் புடவை நெய்தார்கள். பருத்திக்குள் சரிகையை ஜம்தானி முறையில் கோத்து நெய்து, பிறகு மெழுகு தடவி, சாயம் ஏற்றுவார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஆழ்ந்த சிவப்புக்கு அடியிலிருந்து சரிகை மங்கலாக மின்னும். நெசவு, மெழுகுத் தடுப்பு, கையால் வரையும் வேலை, கட்டை அச்சு என்று பல முறைகள் ஒரே துணியில் சேர்ந்திருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். தூய்மை பார்த்து ஒரே முறையோடு நின்ற மரபு அல்ல அது. தஞ்சை அரசு ஆங்கிலேயரிடம் போனபின் வாங்க ஆளின்றிப் புடவை மறைந்தது. ஆனால் துணியில் வண்ணம் தீட்டும் கை மறையவில்லை. கருப்பூரிலும் திருப்பனந்தாளை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் தேருக்கான தொம்பை, மேற்கட்டி, குடைத்துணி ஆகியவற்றில் கலம்காரி ஓவியம் தொடர்ந்து வந்திருக்கிறது. மூங்கில் குச்சியாலும் தென்னங்குச்சியாலும் வரையும் அந்த ஓவியத்துக்கு 2021-இல் ‘கருப்பூர் கலம்காரி’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது.

சோதனை என்று நான் சொல்வதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு மரச்சட்டத்தில் வலைத்துணியைத் தளராமல் இழுத்துக் கட்டி, அடியில் வெட்டிய செய்தித்தாளை வைத்து, மேல் விளிம்பில் மையைக் கொட்டி, ஸ்குவீஜியைச் சாய்த்துப் பிடித்து ஒரே சீராக இழுத்தால் போதும். முதல் இழுப்பிலேயே மையின் ஈரம் தாளை வலையோடு ஒட்டிவிடும். தகட்டில் கழன்று விழுந்த ககரத்தின் வயிறும் இங்கே தானாக ஒட்டிக்கொண்டு நிற்கும், பட்டை தேவையில்லை. சில பத்துப் பிரதிகள் எடுத்தபின் தாள் ஊறிக் கிழியும். அதற்குள் ஒரு வடிவம் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும். கத்தரித்த தாள் கூர்மையான விளிம்பு தரும். கையால் கிழித்த தாள் மெத்தென்ற விளிம்பு தரும். பூவரச இலையைத் தட்டையாக்கி வைத்தால் அதன் உருவம் வெள்ளையாக விழும். வைக்கோலை வைத்தால் அதன் தடிமனால் ஓரங்களில் மை தேங்கி நிழல் போலப் படரும். சாதாரண அச்சகத்தில் கழிக்கப்படும் இந்தக் குறைகள்தான் வடிவமைப்பாளருக்குச் சரக்கு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம், அங்கே நெல் வருகிறது. ஜப்பானில் ஒட்டும் அரிசி மாவையும் தவிட்டையும் வேகவைத்துப் பசையாக்கி, ஸ்டென்சில் வழியாகத் துணியில் தேய்ப்பார்கள். காய்ந்தபின் சாயம் ஏற்றிக் கழுவினால் பசை இருந்த இடம் வெளுப்பாக நிற்கும். நைஜீரியாவின் யொரூபா மக்கள் மரவள்ளிக் கஞ்சியைத் தகரத் தகட்டின் வழியாகத் துணியில் பூசி அவுரியில் தோய்க்கிறார்கள். அரிசியை உண்டு, அரிசி மாவால் கோலமிட்டு, பாவுக்குக் கஞ்சி போட்டுப் பழகிய டெல்டாவில் இதைச் செய்து பார்க்க என்ன தடை? ஒட்டும் தன்மையுள்ள கவுனி அரிசி மாவுப் பசையைக் கோலத் தகட்டின் துளைகள் வழியாகப் பருத்தித் துணியில் அழுத்தி, அவுரியில் தோய்த்தால், நீலத்தில் வெள்ளைப் புள்ளிகளாகக் கோலம் நிற்க வாய்ப்பு இருக்கிறது. பசையின் பதம், வேகும் நேரம், வெடிப்பு எல்லாவற்றையும் சோதித்தே கண்டறிய வேண்டும். கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் எடுத்துக்கொள்ளத் தகுந்த வேலை இது.

கைவினையை ஸ்கிரீன்தானே அழித்தது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. கடைகளில் ‘கலம்காரி’ என்று சொல்லி விற்கும் துணிகளில் பல, ஸ்கிரீனில் அடித்த நகல்கள். நாள்கணக்கில் குச்சியால் வரைந்த தொம்பைக்குப் பக்கத்தில் அவற்றை வைத்து விலை பேசினால் ஓவியர் தோற்றுத்தான் போவார். இதற்கு என் பதில், ஸ்கிரீன் கலம்காரியை நகலெடுக்கவே கூடாது என்பதுதான். கலம்காரிக் கோட்டின் உயிர் அழுத்தம் கூடிக் குறைவதில் இருக்கிறது. வலை அதைத் தட்டையாக்கிவிடும். வலைக்கு இயல்பாக வருவது திண்மையான நிறப்பரப்பு, ஒன்றன்மேல் ஒன்று படியும் நிறங்கள், திரும்பத் திரும்ப வரும் உருவம். நாற்றுமுடி, மடைப்பலகை, வரப்புச் சதுரம் என்று அதற்குப் பொருந்தும் வடிவங்கள் டெல்டாவில் கொட்டிக் கிடக்கின்றன. ஸ்கிரீனில் அடித்தது ஸ்கிரீன் அச்சு என்றே சொல்லி விற்கப்பட வேண்டும். இந்த நேர்மை இல்லாமல் நான் சொல்லும் சோதனைக்குப் பொருளில்லை.

டிஜிட்டல் அச்சு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. புகைப்படம் போல ஆயிரம் நிறம் வேண்டுமென்றால் டிஜிட்டல்தான் சரி. ஆனால் முரட்டுத் துணியிலும் சணலிலும் கைத்தாளிலும் ஸ்கிரீன் படியவிடும் மைப் படலம் தடிப்பானது. கறுப்புத் துணியில் ஒளிரும் வெள்ளையை அது சாதாரணமாகத் தரும். விலைக் கணக்கும் முக்கியம். ஒரு ஸ்கிரீன் தயாரிக்கும் செலவு பத்துப் பைக்குச் சுமை. இருநூறு பைக்குப் பகிர்ந்தால் சொற்பம். ஒரு கல்யாணத்துக்கோ கோயில் விழாவுக்கோ சிறு கடைக்கோ வேண்டிய எண்ணிக்கை பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கிறது. பெரிய ஆலைகள் இத்தனை சிறிய ஆர்டரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

நான் மிகவும் பொருட்படுத்தும் ஆட்சேபம் தண்ணீரைப் பற்றியது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, 2011-இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. அந்த நொய்யல் கலப்பது காவிரியில். டெல்டாவை 2020-இல் சட்டம் இயற்றிப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்திருக்கிறோம்; அங்கே இன்னொரு சாயத் தொழிலை வளர்க்கலாமா? வீட்டுத் திண்ணை அளவில் செய்யும் வேலைக்கும் ஆலைக்கும் ஒப்பீடே இல்லை என்று தட்டிக் கழிக்க எனக்கு மனமில்லை. ஸ்கிரீனில் உருவம் ஏற்றும் சில எமல்ஷன்களில் டைகுரோமேட் என்னும் நச்சுக் குரோமியச் சேர்மம் இருக்கிறது. துணிக்கான சில மைகளில் மண்ணெண்ணெய் சேர்க்கிறார்கள். இவற்றுக்கு மாற்று இருக்கிறது. சிறு எண்ணிக்கைக்குத் தாள் ஸ்டென்சில் போதும், எமல்ஷனே வேண்டாம். எமல்ஷன் வேண்டுமென்றால் டைகுரோமேட் இல்லாத வகை சந்தையில் கிடைக்கிறது. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பிக்மென்ட் மையை இஸ்திரிச் சூட்டில் நிலைப்படுத்தலாம். ஸ்குவீஜியில் மிஞ்சிய மையைக் கழுவி ஊற்றாமல் வழித்து டப்பாவில் போட்டாலே கழிவு பெரிதும் குறையும். கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கி, வண்டலைப் பிரித்தெடுத்து, அந்த வண்டல் வயலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்ய ஒப்பாத பட்டறை எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் வாய்க்கால் கரையில் அதற்கு இடம் தரக்கூடாது.